உப்பளத்து மத்தியானம்

திரபானி உப்பளம்
1966 பிப்ரவரி 6, ஞாயிறு

தம்பி நுன்சியோவுக்கு,

முதலில் இந்தக் கையெழுத்துக்கு மன்னித்துவிடு. வரி மேலே ஏறுகிறது, பிறகு குடித்தவன் மாதிரி கீழே சரிகிறது. சில எழுத்து பருத்துக் கிடக்கும், சில எழுத்து நோஞ்சானாக இருக்கும். எட்டு வயதிலிருந்து உப்பு வாரிய கை, பேனாவையும் மண்வெட்டி மாதிரிதான் பிடிக்கிறது. இந்த ஒரு கடிதத்துக்குக் காலையில் உட்கார்ந்தேன், இப்போது விளக்கு ஏற்றும் நேரம். ஆனால் இதில் உள்ள ஒவ்வொரு எழுத்தும் உன் அண்ணன் கஸ்பாரே போட்டது. பாதிரியார் ஃபெலீச்சே போட்டதல்ல.

நான் எழுதக் கற்றுக்கொண்டுவிட்டேனடா!

போன வருஷம் பலேர்மோ ஆஸ்பத்திரியில் இரண்டு கண்ணிலும் புரை எடுத்தார்கள். சோடாபுட்டிக் கண்ணாடி போட்டிருக்கிறேன். கட்டு அவிழ்த்த அன்று முதலில் பார்த்தது உன் அண்ணி பீனாவின் பாவாடை. “கறுப்பு கட்டியிருக்கியே, யாருடி செத்தது?” என்று கேட்பதுதான் என் வழக்கம். அன்றைக்குப் பார்த்தால் அது நீலம். “நீலந்தான். கல்யாணத்துலேருந்து நீலந்தான் கட்டுறேன். உன் கண்ணுதான்யா கறுப்பு” என்றாள். வெளியே வந்தேன். வானம், கடல், வண்டிச்சக்கரம், பூனையின் நிழல், எல்லாவற்றிலும் நீலம். குழந்தை மாதிரி சிரித்துக்கொண்டு நின்றேனாம்.

கண் வந்ததும் சும்மா இருக்க முடியவில்லை. உப்பளச் சங்கக் கட்டடத்தில் பெரியவர்களுக்கு மாலை வகுப்பு நடக்கிறது. டீச்சர் அகத்தாவுக்கு என் பேத்தி வயது. முதல் பெஞ்சில் நான்தான். கடைப் பலகை, பஸ், மருந்துப் புட்டி என்று கண்ணில் பட்டதை எல்லாம் சத்தமாகப் படிக்கிறேன். பீனா பக்கத்தில் வருவதில்லை.

இத்தனை வருஷமாக உனக்கு வந்த கடிதங்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நான் பாதிரியாரிடம் போய், “அந்த நாய்ப்பயலுக்கு ஒண்ணு எழுதுங்க சாமி” என்று ஆரம்பிப்பேன். அவர் “அன்பார்ந்த சகோதரனுக்கு” என்று எழுதுவார். “அம்மா சாவுக்குக்கூட வராத பயல்” என்பேன். “உன்னைக் காணாமல் வருந்துகிறோம்” என்று எழுதுவார். ஆகவே எனக்கு உன்மேல் கோபமே இல்லை என்று நீ நினைத்திருப்பாய். அது அவருடைய கையெழுத்தின் கோளாறு.

கிறிஸ்துமஸுக்கு வந்த உன் கடிதத்தை நானே படித்துவிட்டேன். பாரிஸில் உனக்குப் படம் வரைய வரவில்லை என்றும், நம் வீட்டு மாடியில் அம்மாவின் அறையைக் கொடுத்தால் வந்து தங்கி, கடைசியாகச் சில படங்கள் போடுவேன் என்றும் எழுதியிருந்தாய். யோசித்தேன். அம்மா சாகக் கிடக்கும்போது “புறப்பட்டேன்” என்று தந்தி கொடுத்தாய். வரவில்லை. அடக்கம் முடிந்த பிறகு, வரும் வழியில் மார்செய்யில் காய்ச்சலில் விழுந்துவிட்டதாக இன்னொரு தந்தி வந்தது. காய்ச்சலில் கிடந்தவனை என்னவென்று கேட்பது? வயதாகிவிட்டது. வா. அறை பூட்டித்தான் இருக்கிறது. பீனாவுக்குப் பிடிக்கவில்லை. “மூஞ்சியே பாத்ததில்ல, அவனுக்குப் போய் ஆக்கிப் போடணுமா?” என்கிறாள். நாள் முழுக்க ஆவியில் வேக வைக்கும் மீன் குஸ்குஸ் கேட்காமல் இருந்தால் போதும், சமாளித்துவிடுவேன்.

ஒன்று கேட்கிறேன். உன் படம் ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. இப்போது கண் இருக்கிறது. அனுப்பு.

உன் அண்ணன்
கஸ்பாரே


பாரிஸ்
1966 பிப்ரவரி 20

அண்ணா,

உன் கடிதத்தை நான்கு தடவை படித்தேன். வரிகள் கோணலாக இருந்தால் என்ன? என் மாணவர்கள் அப்படிக் கோடு போட வருஷக்கணக்கில் முயல்கிறார்கள். இதைப் பாராட்டாக எடுத்துக்கொள்.

‘நாய்ப்பயல்’ என்பதும் வந்து சேர்ந்தது. பரவாயில்லை. பாதிரியாரின் ‘அன்பார்ந்த’ எனக்கு எப்போதுமே சளி மருந்து மாதிரி இருந்தது. ஆனால் நீயும் ஒன்று நினைத்துப் பார். உப்புக் குவியலை மூடும் ஓடுகளில் நான் கரியால் படம் வரைந்ததற்கு அப்பா அடித்தபோது, நீ பக்கத்தில் நின்று ரொட்டி தின்றுகொண்டிருந்தாய். “வேலைக்கு வளையாத உடம்பு” என்று சொன்னது நீதான். அதைக் கேட்டுவிட்டுத்தான் நான் படகு ஏறினேன். நீ மறந்திருப்பாய்.

அறையைத் தருவதாக எழுதினாய். அதற்கு நன்றி. அது எனக்கு எவ்வளவு தேவை என்று உனக்குத் தெரியாது. இங்கே வெளிச்சம் ஈரச்சாக்கு மாதிரி. எல்லாப் பொருளுக்கும் கொஞ்சம் கொஞ்சம் நிறம் கொடுத்து, எதையும் தெளிவாகச் சொல்லாத வெளிச்சம். என்னைத் தெரிந்தவர்கள் எல்லோரும் தெற்கத்திக் கடலின் நிறங்களை வரைகிறவன் என்று எழுதுகிறார்கள். முட்டாள்கள். நம் ஊர் வெயில் நிறம் கொடுக்காது அண்ணா, பிடுங்கிக்கொள்ளும். மத்தியானத்தில் உப்பளத்தில் எதற்கும் நிறம் கிடையாது. விளிம்பு மட்டும்தான் உண்டு. ஒரு சுவர் எங்கே முடிகிறது, நிழல் எங்கே தொடங்குகிறது, அவ்வளவுதான். அதைத்தான் நான் முப்பது வருஷமாகப் போட்டேன். இப்போது இரண்டு வருஷமாக என் வெள்ளை செத்துக் கிடக்கிறது. பூசினால் சுண்ணாம்பு மாதிரி இருக்கிறது, வெயில் மாதிரி இல்லை. ஞாபகத்தில் இருந்ததை வழித்துத் தீர்த்துவிட்டேன். நேரில் பார்த்தாக வேண்டும். பார்க்காவிட்டால் நான் முடிந்தேன்.

அம்மா அறையின் ஜன்னல் உப்பளத்தைப் பார்த்தபடி இருக்கிறது. அவள் போனதிலிருந்து அதைச் சாத்தியே வைத்திருப்பீர்கள், நம் ஊர் வழக்கம் எனக்குத் தெரியும். தயவுசெய்து திறந்து வை. சுவருக்கு எதுவும் பூச வேண்டாம். மே மாதம் வருகிறேன்.

இத்துடன் ஒரு புத்தகம் அனுப்புகிறேன். என் படங்களை அச்சிட்டிருக்கிறார்கள். வண்ணம் சுமாராக வந்திருக்கிறது. புதுக்கண்ணால் பார்த்துவிட்டு, உனக்குத் தோன்றுவதை எழுது. அண்ணிக்கு என் வணக்கம். குஸ்குஸ் கேட்க மாட்டேன்.

நுன்சியோ


திரபானி
1966 மார்ச் 13

தம்பி,

புத்தகம் வந்தது. தபால்காரன் எடை தாங்காமல் முனகிக்கொண்டே கொடுத்தான். “கல்லறைக் கல்லா தாத்தா?” என்றான். “என் தம்பிடா” என்றேன்.

அன்று மாலை வகுப்பு நடக்கவில்லை. எல்லோரும் புத்தகத்தைச் சுற்றி நின்றுவிட்டார்கள். டீச்சர் அகத்தா ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினாள். வலை பின்னும் மோம்மோ, “இதுல மீனே இல்லையே, கடல்ன்னு எழுதியிருக்கான்?” என்று கேட்டான். “உன் வலையில மட்டும் இருக்கா?” என்றாள் பக்கத்து பெஞ்சுக்காரி. ஒரே சிரிப்பு. நான் மட்டும் சிரிக்கவில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது. இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். நம் உப்புக் குவியல் அது. ஓடு போர்த்திய முதுகு, கீழே நீலக் கோடாக நிழல். ஜூலையில் பாத்தித் தண்ணீர் ரோஜா நிறமாக ஆகுமே, அதை நீ ஒரே ஒரு பட்டையாக இழுத்துவிட்டிருந்தாய். அது சரியான நிறம். உப்பு வாரியவன் நான் சொல்கிறேன்.

வீட்டுக்குக் கொண்டுவந்து பீனாவுக்குக் காட்டினேன். “மனுஷங்களையே போட மாட்டானா உன் தம்பி?” என்று கேட்டாள். நானும் அப்போதுதான் கவனித்தேன். இவ்வளவு பெரிய புத்தகத்தில் ஒரு ஆள் இல்லை.

பிறகு கடைசிப் பக்கங்களில் ஒரு படம். உனக்கு எது என்று தெரியும். அதைத்தான் பெரிதாக, இரண்டு பக்கத்துக்கும் சேர்த்துப் போட்டிருக்கிறார்கள். வெள்ளைச் சுவர். நீலக் கதவு. கதவில் ஒரு பாதி சாத்தியிருக்கிறது, ஒரு பாதி திறந்திருக்கிறது, உள்ளே இருட்டு. சாத்திய பாதியின் குறுக்கே கறுப்புப் பட்டை. அதில் வெள்ளையாக ஏதோ எழுத்து. நம் வீட்டுக் கதவு. சாவு வீட்டுக் கதவு.

எழுத்தைப் பார்த்ததும் படிக்காமல் இருக்க முடியாதே இப்போது எனக்கு. படித்தேன். வரவில்லை. கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் படித்தேன். அப்போதும் வரவில்லை. எனக்குத் தெரியாத எழுத்தா என்று பயந்துபோனேன். புத்தகத்தை அப்படியே தலைகீழாகத் திருப்பினேன். படிக்க வந்தது. ‘என் தாய்க்காக’ என்று இருந்தது.

நுன்சியோ, உன்னை ஒன்று கேட்கிறேன். அந்த எழுத்து ஏன் தலைகீழாக இருக்கிறது?

கஸ்பாரே


பாரிஸ்
1966 மார்ச் 22

அண்ணா,

அந்தப் படத்தைப் பற்றி எல்லோரும் கேட்பதைத்தான் நீயும் கேட்கிறாய். எங்கள் தலைமுறை ஓவியர்கள் எழுத்தைப் படிக்க விடாமல் செய்வதுண்டு. திருப்பிப் போட்டால் எழுத்து எழுத்தாக இருக்காது, வெறும் வடிவமாகிவிடும். கறுப்புக்கு மேலே கொஞ்சம் வெள்ளை தேவைப்பட்டது. அதைப் பெரிதுபடுத்தாதே.

கதவை நான் ஞாபகத்திலிருந்து போட்டேன். துக்கப்பட்டை நம் ஊரில் எல்லா வீட்டிலும் ஒரு நாள் ஏறுவதுதானே.

மே மாதம் எட்டாம் தேதிக்குக் கப்பலில் இடம் கேட்டிருக்கிறேன். ஜன்னலைத் திறந்துவிட்டாயா?

நுன்சியோ


திரபானி
1966 ஏப்ரல் 3

நுன்சியோ,

ஜன்னலைத் திறக்கவில்லை.

உன் கடிதம் நேராக இருக்கிறது. அழகான கையெழுத்து. நீ பள்ளிக்கூடம் போனாய். வீட்டில் ஒருவனைத்தான் அனுப்ப முடியும் என்று அப்பா சொன்னார். நான் உப்புக்குப் போனேன், நீ சிலேட்டைத் தூக்கிக்கொண்டு போனாய். அதனால் நீ பொய்யையும் நேராக எழுதுகிறாய். நான் நிஜத்தைக் கோணலாகத்தான் எழுத முடியும். படித்துக்கொள்.

அம்மா விடியற்காலையில் போனாள். நீ “புறப்பட்டேன்” என்று தந்தி கொடுத்திருந்தாய் அல்லவா, கணக்குப்படி அன்றைக்குத்தான் நீ வந்து சேர வேண்டும். நான் ஊருக்குள் போய் எழுத்து அச்சடித்த துக்கப்பட்டை வாங்கிவந்து, காலையிலேயே கதவில் அடித்தேன். எனக்கு எழுத்துத் தெரியாது. பீனாவுக்குத் தெரியாது. வந்த உப்பளத்து ஜனம் ஒருவருக்கும் தெரியாது. எந்தப் பக்கம் மேல் என்று நான் எப்படிக் கண்டேன்? அடித்துவிட்டேன்.

சாயங்காலம் பாதிரியார் வந்தார். வாசலில் நின்று தலையில் அடித்துக்கொண்டார். “டேய் கஸ்பாரே, பெத்த தாயை ஏண்டா தலைகீழாத் தொங்கவிட்டிருக்கே?” என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். அவரே ஆணியைப் பிடுங்கித் திருப்பி அடித்தார். அம்மா செத்த அழுகையோடு அந்த வெட்கமும் சேர்ந்துகொண்டது. மறுநாளிலிருந்து, வெயிலில் வெளுத்துக் கிழிந்து விழும்வரை, அது நேராகத்தான் இருந்தது.

ஒரு பகல் மட்டும்தான் அது தலைகீழாக இருந்தது. அந்தக் கதையை நான் யாரிடமும் சொன்னதில்லை. பாதிரியாரை எழுதவிட்டதும் இல்லை. நீ வடிவத்துக்காகத் திருப்பினாயா? அதே கதவில், அதே உயரத்தில், நான் கோணலாக அடித்த ஆணி உட்படப் போட்டிருக்கிறாயே, அந்த ஆணியும் வடிவமா?

அன்றைக்கு உள்ளே என்ன நடந்தது என்று சொல்கிறேன், உனக்குத் தெரிய வாய்ப்பில்லை. நல்ல ஜூலை வெயில். பெட்டியை மூட வேண்டும் என்று பெண்கள் சொன்னார்கள். நான் விடவில்லை. “தம்பி வர்றான், ரயில் வரட்டும்” என்றேன். மீன் சந்தையிலிருந்து பனிக்கட்டி வாங்கிவந்து அவள் காலடியில் வைத்தோம். உருகியது. மறுபடி வாங்கினோம். பீனா வாளி வாளியாகத் தண்ணீரை வெளியே கொண்டுபோய்க் கொட்டினாள். மத்தியானம் முழுக்க அந்தத் திறந்த பாதிக்குப் பின்னால் நாற்காலி போட்டு, ரோட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உனக்காக. அப்போதே எனக்குப் பார்வை மங்கல். வெளியே வெள்ளையாக எரிவதைத் தவிர வேறு ஒன்றும் தெரியவில்லை.

நீ வந்தாயா, இல்லையா? ஒரே வார்த்தையில் எழுது.

கஸ்பாரே


பாரிஸ்
1966 ஏப்ரல் 17

அண்ணா,

வந்தேன்.

ஒரே வார்த்தை கேட்டாய். ஆனால் இதோடு நிறுத்தினால் நீயே மிச்சத்தைக் கற்பனை செய்வாய். அது உண்மையைவிட நல்லதாக இருந்துவிடும்.

பலேர்மோ ரயிலில் இறங்கி, உப்பளத்துப் பாதையில் நடந்து வந்தேன். உச்சி வெயில். வீட்டுக்கு எதிரே, ரோட்டுக்கு அந்தப் பக்கம் உள்ள காற்றாலைக்குப் பக்கத்தில் வரும்போது கதவு தெரிந்தது. பட்டையும் தெரிந்தது. தலைகீழாக இருந்தாலும் எனக்குப் படிக்க முடியுமே. அம்மா போய்விட்டாள் என்று அப்படித்தான் தெரிந்துகொண்டேன். கால் நின்றுவிட்டது. அழுகை வர வேண்டிய நேரம் அது.

அழுகை வரவில்லை. சுவர் வந்தது.

உனக்கு எப்படிச் சொல்வது? அதற்கு முன் பாரிஸில் பத்து வருஷம் பழுப்பாகவே படம் போட்டுக்கொண்டிருந்தேன். யாரோ ஒருவருடைய நிழலில் பிழைப்பு. அன்றைக்கு அந்தச் சுவர் வெள்ளையாகக்கூட இல்லை. வெயில் அதை வெள்ளைக்கும் அப்பால் தள்ளிக்கொண்டு போயிருந்தது. அதில் கறுப்பு ஒரு கத்திவெட்டு மாதிரி. கதவின் நீலம் கரைந்து விளிம்பு மட்டும் மிச்சம். திறந்த பாதியில் தார் மாதிரி இருட்டு. அந்த இருட்டுக்குள் நீ இருந்தாய் என்று இப்போது எழுதுகிறாய். எனக்கு இருட்டு மட்டும்தான் தெரிந்தது.

காற்றாலை நிழலில் உட்கார்ந்து பையிலிருந்து தாளை எடுத்தேன். உள்ளே பெண்கள் வாய்விட்டு அழும் சத்தம் கேட்டது. ஒரு பெண் வாளியோடு வெளியே வந்து தண்ணீர் கொட்டினாள். என்னைப் பார்த்தாள். அண்ணியாகத்தான் இருக்க வேண்டும். நான் ஊரைவிட்டுப் போன பிறகு வந்தவள், அவளுக்கு என்னைத் தெரியாது.

உள்ளே வராதது பயத்தாலும் இல்லை, வெட்கத்தாலும் இல்லை என்று எழுதினால் நீ நம்பமாட்டாய். பயம் என்று எழுதினால் மன்னித்துவிடுவாய். அதனால் உள்ளதை எழுதுகிறேன். உள்ளே வந்தால் நீ என்னைக் கட்டிக்கொண்டு அழுவாய், நானும் அழுவேன், பார்த்தது போய்விடும் என்று தோன்றியது. இதை முடித்துவிட்டுப் போகலாம் என்று நினைத்தேன். முடிப்பதற்குள் நிழல் நகர்ந்துவிட்டது, நிழலோடு நானும் நகர்ந்தேன். பாதிரியார் வந்து பட்டையைத் திருப்பியதையும் பார்த்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அப்போது எனக்கு அவர்மேல் எரிச்சல்தான் வந்தது. பிறகு பெட்டி வெளியே வந்தது. அந்த நேரத்தில் எப்படி வந்து நிற்பது? சாயங்கால ரயிலில் திரும்பிவிட்டேன். மார்செய்யிலிருந்து காய்ச்சல் என்று தந்தி கொடுத்தேன்.

அதற்குப் பிறகு நான் போட்ட எல்லாப் படமும் அந்த ஒரு மத்தியானம்தான். முப்பது வருஷம் அதை வைத்துப் பிழைத்தேன். பேர், புத்தகம், எல்லாம்.

நீ அவள் கையைப் பிடித்தாய், பெட்டியை மூடினாய், மண் போட்டாய், வீட்டில் இருந்தாய். எனக்குக் கிடைத்தது ஒரு சுவரின் வெளிப்பக்கம். அதையும் பொய் என்று சொல்லாதே. என்னை மன்னிக்க வேண்டாம். ஜன்னலை மட்டும் திற. எனக்கு வேறு எங்கும் அந்த வெளிச்சம் கிடையாது. எட்டாம் தேதிக் கப்பல் உறுதியாகிவிட்டது. பதில் எழுது.

நுன்சியோ


திரபானி
1966 ஏப்ரல் 24, ஞாயிறு

நுன்சியோ,

உன் கடிதத்தைப் பீனாவுக்குப் படித்துக் காட்டினேன். வாளி என்ற இடம் வந்ததும் அடுப்பை விட்டு எழுந்து வந்துவிட்டாள்.

“அந்தத் தொப்பிக்காரனா!” என்றாள். “ரோடு அளக்க வந்த சர்க்கார் ஆளுன்னுல்ல நெனச்சேன். மடியில தாளை வச்சிக்கிட்டு இருந்தான். இந்த வெயில்ல உக்காந்திருக்கானே பாவம், ஒரு வாய் தண்ணி குடுக்கலாமான்னுகூட நெனச்சேன். சாவு வீட்டுத் தண்ணி, வேணாம்பானோன்னு வந்துட்டேன்.” கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். “பெத்தவ உள்ள கெடக்கா, இவன் கோடு போட்டுக்கிட்டு இருந்தானா?” என்று கேட்டுவிட்டு, அடுப்படிக்குப் போய்ப் பாத்திரத்தைப் போட்டு உருட்டினாள்.

எனக்கு உருட்டப் பாத்திரம் இல்லை. புத்தகத்தைத் திறந்து அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டு இருந்தேன். கடிதம் வந்த மூன்று நாளாகத் தினமும் பார்க்கிறேன். கேவலமாக இருந்தால் நன்றாக இருக்குமே என்று பார்க்கிறேன். பைத்தியக்காரப் பயல் எதையோ கிறுக்குவதற்காக உட்கார்ந்துவிட்டான் என்று விட்டுவிடலாம். அப்படி இல்லை. அன்றைக்கு என் கண்ணை எரித்தது அதே வெயில்தான். அதை நீ பிடித்துவிட்டாய். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அந்த வெயில் உனக்குப் படத்தைக் கொடுத்தது. எனக்குப் புரையைக் கொடுத்தது.

பீனா கேட்டாளே, இவன் மனுஷங்களையே போட மாட்டானா என்று. அதற்கு எனக்கு விடை தெரிந்துவிட்டது. அந்த இருட்டில் நான் உட்கார்ந்திருந்தேன். என்மேல் கறுப்பைப் பூசிவிட்டு, அது நன்றாக வந்திருக்கிறது என்று முப்பது வருஷம் இருந்திருக்கிறாய்.

இன்னொன்றும் இருக்கிறது. நீ வரைந்ததைவிட அதுதான் எனக்குக் குத்துகிறது. அன்றைக்கு அந்த வெளியில் எழுத்துத் தெரிந்தவன் நீ ஒருவன்தான். ரோட்டைத் தாண்டி வந்து, “அண்ணா, தலைகீழா இருக்கு” என்று சொல்லித் திருப்பி அடித்திருக்கலாம். அதற்காகத்தானே நான் உப்புக்குப் போய் உன்னைப் பள்ளிக்கூடம் அனுப்பியது? ஊர் முன்னால் நான் தலைகுனிய வேண்டியிருக்காது. நீ கதவுக்குள் வரக்கூட வேண்டியதில்லை. வாசலோடு போயிருக்கலாம்.

நேற்று மாடிக்குப் போனேன். ஜன்னல் கொண்டி துருப்பிடித்து ஒட்டிக்கொண்டிருந்தது. சுத்தியலால் தட்டித் திறந்தேன். பீனா கீழே நின்று, “செத்தவங்க அறையை எதுக்குய்யா தெறக்கிறே, ஊர் என்ன பேசும்?” என்று கத்தினாள். திறந்துவிட்டேன். நம் ஊரில் வெயில் வந்தால் கதவை அடைத்துக்கொண்டு கிடப்போம். பிறந்ததிலிருந்து அப்படித்தான். அதைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்து பார்த்தது இதுதான் முதல் தடவை. பாத்திகளில் இப்போதுதான் தண்ணீர் ஏற்றியிருக்கிறார்கள். வானம் துண்டு துண்டாகக் கீழே கிடக்கிறது. எவ்வளவு நீலம்! மத்தியானம் ஆக ஆக அது போய்விடுகிறது, நீ எழுதின மாதிரியே விளிம்பு மட்டும் நிற்கிறது. அதையும் பார்த்தேன். நீ சொன்னது சரிதான்.

நீ வந்தால் என்ன ஆகும் என்று அங்கே உட்கார்ந்து யோசித்தேன். நீ மாடியில் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பாய். ஒரு நாள் நானோ பீனாவோ கீழே செத்துக் கிடப்போம். நீ இறங்கி வருவாயா, நிழல் நகர்வதற்குள் முடித்துவிடலாம் என்று இருப்பாயா? எனக்குத் தெரியவில்லை. உனக்கும் தெரியாது என்றுதான் நினைக்கிறேன்.

அறை காலி இல்லை. என் மேசையை அங்கே தூக்கிப் போட்டுவிட்டேன். மோம்மோ வந்து ஒரு பக்கம் பிடித்தான். ஜன்னல் வெளிச்சம் நேராகத் தாளின்மேல் விழுகிறது, விளக்கு வேண்டியதில்லை. இந்தக் கடிதத்தை அங்கே உட்கார்ந்துதான் எழுதுகிறேன். பார், வரிகள்கூடக் கொஞ்சம் நேராக வந்திருக்கின்றன.

கப்பலை வேண்டாம் என்று சொல்லிவிடு. வந்தால் நான் கதவைத் திறக்க மாட்டேன். அம்மா கல்லறைக்கு வழி கேட்டால் ஊரில் யாரும் சொல்வார்கள். காற்றாலை நிழல் அப்படியே இருக்கிறது, அது பொது ரோடு, யாரும் உட்காரலாம். இந்தத் தடவை பீனா தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பாள். கேட்டுவிட்டேன், சரி என்றாள்.

கை வலிக்கிறது. உன்னைத் திட்ட வேண்டியதில் பாதிகூட வரவில்லை, எழுத்து அவ்வளவு மெதுவாகத்தான் வருகிறது. அப்பா அடித்தபோது நான் ரொட்டி தின்றதாக எழுதியிருந்தாயே, அதற்கும் பதில் இருக்கிறது. வரும் ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எழுதுகிறேன். வீட்டை மாற்றிக்கொண்டு எங்கும் போய்விடாதே, கடிதம் வந்து சேர வேண்டும்.

கஸ்பாரே